எதற்குத் திட்டு வாங்குகிறதோ, அதுவே பரிசு

பெயர் அச்சடித்த கப், போட்டோ போட்ட தலையணை, சாவிக்கொத்து, பட்டனைத் தட்டினால் பிள்ளையின் முகம் வெளிச்சத்தில் தெரிகிற கண்ணாடிக் கட்டி. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்த கிஃப்ட் கடைக்குள் நுழைந்தாலும் இப்போது இவைதான் முன்வரிசையில் நிற்கின்றன. வாங்கிக் கொடுக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, ஷோகேஸில் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாதே, கப்பில் தன் பெயர் இருந்தால் அதற்கென்ன, இல்லாவிட்டால் அதற்கென்ன? அது அப்பா அம்மாவுக்கான பரிசு. பிள்ளை அந்தக் கப் வந்த அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடும், பெட்டியில்தான் விஷயம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பிள்ளைகள் நிறைய. அண்ணன் பிள்ளைகள், தங்கை மகன், சித்தப்பா வீட்டுப் பேரப்பிள்ளைகள், போதாததற்கு அக்கம்பக்கம். வீட்டில் ஒரு தையல் மிஷின் இருப்பதாலும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு முடியாததாலும் பிறந்தநாள் வந்தால் "அத்தை என்ன செய்து கொண்டு வருவா" என்று ஒரு எதிர்பார்ப்பு உருவாகிவிட்டது. எல்லாரும் கேட்கிற கேள்வி, பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்பதுதான். தாயிடம் போய் "பிள்ளைக்கு என்ன பிடிக்கும்" என்று கேட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "கார்ட்டூன் பிடிக்கும், பொம்மை பிடிக்கும், ஏதாவது வாங்கிட்டு வா, இல்லாட்டாலும் ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். நான் அதைக் கேட்பதில்லை. "இந்த வாரம் எதுக்கெல்லாம் திட்டு வாங்கினா?" என்று கேட்பேன். அதற்கு வருகிற பதில் இருக்கிறதே, அது முடியவே முடியாது.

பாத்திரத்தை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டாள், வாளித் தண்ணீரைக் கவிழ்த்தான், பேப்பரைக் கிழித்தான், மண்ணை அள்ளிச் செருப்பில் போட்டான், பூச்செடியின் இலையை எல்லாம் உருவினாள். ஒரு பிள்ளை ஒரே காரியத்தைத் திட்டு வாங்கியும் திரும்பத் திரும்பச் செய்கிறது என்றால், அதன் கைக்கு இப்போது அந்த வேலை வேண்டும் என்று அர்த்தம். பெரியவர்கள் அதற்கு வைக்கிற பெயர் குறும்பு. அந்தக் காரியத்தைத் திட்டு வாங்காமல் செய்ய ஒரு இடம் செய்து கொடுத்தால், வேறு எதுவும் கொடுக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த பிறந்தநாள் சூத்திரம் இது ஒன்றுதான்.

அண்ணன் மகளுக்கு மூன்று வயது ஆகப் போகிற சமயம் மைனியிடம், அதாவது அண்ணியிடம், இதே கேள்வியைக் கேட்டேன். "எதுன்னு சொல்ல? பாத்ரூம் கதவ வெளிய தாழ் போட்டுட்டா, உங்க அண்ணன் உள்ள. நான் மாடியில துணி காயப் போட்டுட்டு நிக்கேன். அந்த மனுஷன் கெடந்து தட்டுறாரு, இவ வெளிய நின்னு சிரிக்கா." அதோடு பீரோ சாவியை எங்கோ ஒளித்து வைத்தது, கேட்டின் கொக்கியை மாட்டி மாட்டிக் கழற்றியது, ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து உள்ளே வெண்டைக்காய் வைத்தது என்று பட்டியல் நீண்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்? பிள்ளைக்குத் தாழ்ப்பாள்தான் பிடிக்கும். தாழ்ப்பாளையே கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

தெரிந்த ஆசாரி ஒருவர் கதவு நிலை செய்த மிச்சத்தில் ஒரு அயனி மரப் பலகை வைத்திருந்தார், இரண்டடி நீளம், ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல் அகலம், கனம் முக்கால் இஞ்ச். அயனி கிடைக்காதவர்கள் அதே கனத்தில் பிளைவுட் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதன் ஓரத்தில் சிராய் வரும், நன்றாகத் தேய்க்க வேண்டும். கனம் முக்கியம். பலகை மெலிதாக இருந்தால் ஸ்க்ரூவின் முனை பின்பக்கம் எட்டிப் பார்க்கும், அது பிள்ளையின் கையைத்தான் முதலில் தேடும். முக்கால் இஞ்ச் பலகைக்கு அரை இஞ்ச் ஸ்க்ரூ சரியாக இருக்கும். நான்கு மூலையையும் ஆசாரியிடமே உருட்டி வாங்கிக்கொண்டேன். பிறகு உப்புத்தாள், முதலில் எண்பதாம் நம்பர், அப்புறம் இருநூற்றி இருபது. உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தால் போதாது, பழைய நைலான் சேலைத் துண்டு ஒன்றை மேலே இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது நூல் மாட்டினால் அந்த இடத்தில் இன்னும் சிராய் இருக்கிறது.

ஹார்டுவேர் கடையில் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். "எந்தக் கதவுக்கு?" என்று கேட்டார் கடைக்கார அண்ணாச்சி. கதவு இல்லை, பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றதும் அவருக்கே உற்சாகம் வந்து, உள்ளே போய்ப் பழைய சரக்கில் கிடந்த பித்தளை நாதாங்கி ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். நான் வாங்கியது: சின்ன டவர் போல்ட் (இழுத்துப் போடுகிற கம்பித் தாழ்ப்பாள்), கண்ணியில் மாட்டுகிற கொக்கி, சங்கிலித் தாழ்ப்பாள், இரண்டு ஜோடிக் கீல், ஒரு மாங்காய்ப் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரில் படித்தது ஞாபகம் வந்ததால் கேட்டு வாங்கினேன், சாவியைத் திருப்பும்போது வருகிற அந்த 'கடக்' சத்தம் சீனப் பூட்டில் வருவதில்லை. டவர் போல்டைக் கடையிலேயே இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும். நமக்கு இறுக்கமாக இருந்தால் அது நல்ல தாழ்ப்பாள். பிள்ளைக்கு அது ஆகாது, இரண்டு விரலில் நகர வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு நூறு தடவை இழுத்துவிட்டால் வழிக்கு வரும்.

கீல் எதற்கு என்றால், பலகையின் மேல் சின்னச் சின்னக் கதவுகள். தீப்பெட்டிக் கட்டு அளவுக்கு இரண்டு பலகைத் துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாழ்ப்பாள். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு போட்டோ. ஒன்றுக்குள் பாத்ரூமில் மாட்டிக்கொண்ட அண்ணன், துண்டும் தோளுமாக, முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு. இதற்காகவே நிற்க வைத்து எடுத்தது. இன்னொன்றுக்குள் அவர்கள் வீட்டு அடைகோழி. அது யாரையும் கிட்டே விடாது, இவள் ஒருத்தியைத் தவிர. பெயர் அச்சடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பலகையை வேறு எந்த வீட்டுக்குக் கொண்டு போனாலும் பாதி விஷயம் புரியாது.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கீல் பக்கம் விரல் நசுங்காமல் இருக்கக் கதவுக்கும் பலகைக்கும் நடுவில் பிள்ளையின் விரல் தாராளமாகப் போய் வருகிற இடைவெளி விடுங்கள், அல்லது கீல் இருக்கிற பக்கம் முழுக்க ஒரு தோல் பட்டையை அடித்துவிடுங்கள். சாவியைக் கயிற்றில் கட்டினால் கயிறு ஒரு ஜாணுக்கு உள்ளேயே இருக்கட்டும், நீளமான கயிறு கழுத்தில் சுற்றும். பலகை கனமானது, சாய்த்து வைக்காதீர்கள், பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குச் சுவரில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுங்கள். பெயின்ட் அடிக்கலாமா என்றால், பரணில் கிடக்கிற பழைய டப்பாவைத் தொடாதீர்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை. நான் எதுவும் அடிக்கவில்லை, தேங்காய் எண்ணெய் தேய்த்து இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். அயனிக்கே ஒரு மஞ்சள் நிறம் உண்டு, எண்ணெய் பட்டதும் அது எழும்பி வரும், பார்க்கக் கொள்ளாம்.

மைனிக்கு ஒரு பயம் இருந்தது, இதைக் கொடுத்தால் தாழ்ப்பாள் போடுகிற வித்தையை இன்னும் நன்றாகப் படித்துவிடுவாளே என்று. படிக்கத்தான் செய்வாள். அதனால் அண்ணன் பாத்ரூமின் வெளித் தாழ்ப்பாளை எட்டாத உயரத்துக்கு மாற்றினார். எப்படியும் செய்ய வேண்டிய வேலை அது.

பாதுகாப்பு என்று பேச ஆரம்பித்த பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கையால் செய்வது எல்லாம் நல்லது, கடையில் வாங்குவது எல்லாம் கெட்டது என்று ஒரு பேச்சு ஊரில் உலாவுகிறது. அப்படி ஒன்றும் கிடையாது. மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு எது செய்தாலும், அதன் எந்தத் துண்டும் தொண்டையில் போய் அடைக்கிற அளவில் இருக்கக் கூடாது. பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழல் வைத்திருக்கிறார்கள், அதற்குள் முழுசாக அடங்குகிற பொருள் சின்னப் பிள்ளைக்கு ஆகாது. வீட்டில் அந்தக் குழல் இல்லாதவர்கள் டாய்லெட் பேப்பர் சுற்றி வருகிற அட்டைக் குழலை வைத்துப் பார்க்கலாம், அது கொஞ்சம் பெரிசு, பெரிசாக இருப்பது நமக்கு நல்லதுதான். நம் ஊர்க் கைவேலையில் ஆசைக்குச் சேர்க்கிற மஞ்சாடி விதை, ரப்பர் கொட்டை, குன்றிமணி எல்லாம் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகும். குன்றிமணி இன்னும் மோசம், கடித்து உடைத்தால் உள்ளே இருப்பது கடும் விஷம். ரப்பர் கொட்டை பளபள என்று புள்ளி புள்ளியாகப் பார்க்க எவ்வளவு அழகு, குலசேகரம் பக்கம் போனால் நானே மடி நிறையப் பொறுக்கிக்கொண்டுதான் வருவேன், ஆனால் அதையும் பச்சையாகத் தின்னக் கூடாது. பெரிய பிள்ளைகள் அதை வைத்துப் பாண்டி (பல்லாங்குழி) ஆடட்டும்.

கடைப் பொம்மை என்றால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். பாட்டுப் பாடுகிற, விளக்கு எரிகிற பொம்மைகளில் காசு மாதிரி வட்டமான பட்டன் பேட்டரி இருக்கும். அதன் மூடி ஸ்க்ரூ போட்டதா, நகத்தால் நெம்பினால் திறக்கிறதா என்று பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள். பிள்ளை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும். காத்திருந்து பார்க்கிற விஷயமில்லை, உடனே ஆஸ்பத்திரி. இசைக்கிற வாழ்த்து அட்டைக்குள்ளும் அதுதான் இருக்கிறது, அதை யாரும் நினைப்பதில்லை.

சரி, அடுத்த திட்டு. தங்கை மகனுக்கு இரண்டு முடிந்து மூன்று நடக்கிறது. அவன் குற்றப்பத்திரிகையில் இருப்பது முழுக்க ஊற்றுவது. தண்ணீரை டம்ளரில் இருந்து செருப்புக்கு, செருப்பில் இருந்து பாட்டாவின் (தாத்தாவின்) கண்ணாடிக் கூட்டுக்கு. மண்ணையும் அப்படியே. இவனுக்கு நான் செய்தது சிரட்டை சாமான், அதாவது தேங்காய் ஓட்டுச் சாமான். நம் ஊரில் சிரட்டைக்குப் பஞ்சமா? ஆனால் எந்தச் சிரட்டை என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். தேங்காயை உடைத்தால் கண் உள்ள பாதி ஒன்று, கண் இல்லாத பாதி ஒன்று. கண் உள்ள பாதியில் மூன்றில் ஒரு கண் மெதுவாக இருக்கும், அதைக் குத்திவிட்டால் ஓட்டை, அதுதான் புனல். மண்ணை ஈரமாக்கி அதில் அடைத்துக் கவிழ்த்தால் சிரட்டைப் புட்டு. கண் இல்லாத பாதி கிண்ணம். ஒரே அளவில் எடுக்காமல் பெரிசும் சிறிசுமாக எடுத்தால் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம், ஒரு பெரிய சிரட்டைக்கு எத்தனை சின்னச் சிரட்டைத் தண்ணீர் என்று பிள்ளை தானாகவே பார்க்கும். நாம் சொல்லிக் கொடுக்கப் போனால்தான் கெடும்.

வேலை மெனக்கெட்டது. சிரட்டையை ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போட்டால் மேலே இருக்கிற நார் இளகும். அப்புறம் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவதுதான் அந்தக் காலத்து வழி, கத்தியை விடச் சுத்தமாக வரும், துண்டின் ஒரு பக்கத்தில் பழந்துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். நார் போனதும் உப்புத்தாள், விளிம்பை மட்டும் இரண்டு மடங்கு நேரம். பிறகு தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் கருப்பாகி ஒரு மினுமினுப்பு வருகிறது பாருங்கள், கடையில் விற்கிற எந்தப் பாத்திரத்துக்கும் அது வராது. கூட ஒரு சின்னச் சிரட்டை அகப்பை, சந்தையில் வாங்கியது.

அவனுக்கே ஒரு ஜோடி மண் சொப்புக்கும் சொன்னேன். தக்கலையில் இருந்து நாகர்கோவில் போகிற வழியில் சுங்கான்கடையில் ரோட்டோரம் மண்பானை அடுக்கி வைத்திருப்பார்களே, அங்கே. சின்னதாக, ஆனால் ஒழுங்காக நிற்கிற மாதிரி அடி தட்டையாக வேண்டும் என்றால் செய்து தருவார்கள், கொஞ்சம் முன்னாலேயே சொல்ல வேண்டும், மழைக்காலத்தில் காய நாளாகும். உடையுமே என்று தங்கை கேட்டாள். உடையும். அதுதான் நல்லது, எவர்சில்வரைத் தூக்கி எறிகிற பிள்ளை மண் சட்டியை இரண்டு கையாலும் பிடிக்கிறது. உடைந்தால் சில்லுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், அவ்வளவுதான். மண் வேண்டாம் என்றால் அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு, கடைசலில் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றியது. ஒரு தலைமுறைக்கு இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் யாராவது போனால் சொல்லி வையுங்கள்.

இப்போது 'மார்ஷல்'. இவன் சித்தப்பா வீட்டுப் பேரன். நவம்பர் 1 பிறந்தநாள். 1956-இல் அதே நாளில்தான் நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது என்பதால், அந்தப் போராட்டத்தை நடத்திய மார்ஷல் நேசமணி நினைவாக அவன் பாட்டா அப்படித்தான் கூப்பிடுவார். பிள்ளைக்கு நேசமணி யார் என்றெல்லாம் தெரியாது, மார்ஷல் என்றால் 'என்ன பாட்டா' என்று ஓடி வருவான். ஐந்து வயது. இவன் வாங்குகிற திட்டு முழுக்க ரோட்டில். பஸ்ஸைப் பார்த்தால் நின்றுவிடுவான். கையைப் பிடித்து இழுத்தாலும் வரமாட்டான், நம்பர் பார்த்து, போர்டு பார்த்து, டிரைவர் கியர் மாற்றுவதைப் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் நகருவான். தக்கலை வழியாகக் கேரள பஸ்ஸும் போகும் அல்லவா, அதில் யானைச் சின்னம் இருக்கிறதா என்று தேடுவான். பள்ளிக்கூடத்துக்கு தினமும் லேட்.

பஸ் பொம்மை அவனிடம் ஒரு சாக்கு நிறைய இருக்கிறது. எனவே பஸ்ஸை விட்டுவிட்டு பஸ் ஓடுகிற வழியைக் கொடுக்கலாம் என்று பட்டது. பழைய கட்டில் விரிப்பு ஒன்றை எடுத்து, தக்கலை பஸ் ஸ்டாண்டில் தொடங்கி வடசேரி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ரோட்டைக் கறுப்புத் துணியில் வெட்டித் தைத்தேன். குமாரகோவில் விலக்கு, வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை, பார்வதிபுரம். சுங்கான்கடையில் சின்னப் பானைகள் எம்பிராய்டரி, பார்வதிபுரத்தில் மேம்பாலத்துக்குத் துணிக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்சம் மேடு. வேளிமலை பச்சைத் துணியில் ஒரு ஓரமாக நிற்கும். வில்லுக்குறியில் அவன் அம்மா பிறந்த வீடு, வாசலில் அவனுடைய அம்மாச்சி நிற்கிற மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு. அந்த வெள்ளைத் துண்டு அம்மாச்சி தோளில் போடுகிற பழைய நேரியலில் இருந்தே வெட்டியது. வேறு யாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை, அம்மாச்சி பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். விரித்தால் அறை முழுக்க ரோடு, மடித்தால் அலமாரியில் போய்விடும். இதற்கு ஆன செலவு நூலும் நேரமும்தான், நேரம் நிறைய ஆனது என்பதை மறைக்க மாட்டேன்.

கூடவே ஒரு ஃபிரிட்ஜ் அட்டைப் பெட்டி. அதை மறுநாள் பாட்டாவும் பேரனும் சேர்ந்து பஸ்ஸாக வெட்டிக்கொள்ளட்டும் என்று வெட்டாமலே கொடுத்தேன். பக்கவாட்டில் என்ன எழுதலாம் என்று பாட்டாவிடம் கேட்டானாம், அவர் யோசிக்காமல் 'நேசமணி போக்குவரத்துக் கழகம்' என்று எழுதச் சொல்லியிருக்கிறார். 1997 வரைக்கும் நம் ஊர் அரசு பஸ்ஸில் அந்தப் பெயர்தான் இருந்தது, அதற்கப்புறம் பிறந்தவர்கள் யாருக்கும் தெரியாது. இப்போது எங்கள் குடும்பத்தில் ஒரு ஐந்து வயசுக்காரனுக்குத் தெரியும். விசில் மட்டும் வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று அவன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த வேண்டுகோளை மதித்தேன்.

துணிப் பொம்மையைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: கண்ணுக்குப் பட்டன் வைக்காதீர்கள், நூலால் போடுங்கள். உள்ளே இலவம்பஞ்சு அடைத்தால் மெத்தென்று இருக்கும், ஆனால் துவைத்தால் கட்டிகட்டியாகிவிடும். பிள்ளை கட்டிப்பிடித்துத் தூங்குகிற பொம்மையைத் துவைக்காமல் இருக்க முடியாது, எனவே பழைய பருத்தித் துணியைப் பொடிப்பொடியாக வெட்டி அடையுங்கள், கொஞ்சம் கனமாக இருக்கும், அந்தக் கனம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பாட்டி உடுத்து நைந்த முண்டு இருந்தால் அதைவிட நல்ல துணி கிடையாது.

முதல் பிறந்தநாள் விஷயமே வேறு. அது பிள்ளையின் பெயரில் நடக்கிற பெரியவர்கள் விசேஷம். மோதிரம், கொலுசு, அரைஞாண் எல்லாம் வரும், வரட்டும், தாய்மாமன் செய்கிறதை யாரும் தடுக்க முடியாது. பிள்ளைக்கு என்று ஏதாவது வேண்டும் என்றால் மட்டிப்பழம் (நம் ஊர்ச் சின்ன வாழைப்பழம்) ஒரு சீப்பு கொண்டு போங்கள், கூட்டத்தில் மூச்சு முட்டிப்போய் அழுகிற பிள்ளைக்கு அந்த நேரம் அது ஒன்றுதான் உதவும். நான் ஒரு கோடு போடாத நோட்டுப் புத்தகத்தை வாசலில் வைத்து, வருகிறவர்கள் எல்லாரையும் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுவேன். 'வாழ்க வளமுடன்' எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இன்றைக்கு என்ன செய்தது, எதற்குச் சிரித்தது, யாரிடம் போகமாட்டேன் என்றது, அதை எழுதுங்கள். எழுதத் தெரியாத பாட்டிமார் சொல்லச் சொல்ல நானே எழுதிக்கொள்வேன், புத்தகத்தில் படிக்க நன்றாக இருப்பது அந்த வரிகள்தான். அப்புறம் பீரோவுக்குள் வைத்துவிட வேண்டியது.

பனங்குருத்தோலையில் கிலுகிலுப்பை பின்னத் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் இப்போதே பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள். குருத்தோலை ஞாயிறு அன்று கோவிலில் வாங்கின ஓலையைப் பிரசங்கம் முடிவதற்குள் சிலுவையும் பாம்பும் பந்துமாக மாற்றிவிடுகிற பிள்ளைகள் நம் ஊரில் எத்தனையோ பேர், அதே விரல்களுக்குக் கிலுகிலுப்பை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காய்ந்த பிறகு ஓலையின் ஓரம் அறுக்கும், ஆகவே பச்சையாக இருக்கும்போது கொடுத்து, காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். உள்ளே போடுகிற கல்லும் பின்னல் நெகிழ்ந்தால் வெளியே வந்துவிடும், பெரியவர்கள் கையில் வைத்து ஆட்டிக் காட்டுவதோடு சரி.

கொடுக்கிற நேரம் பற்றி ஒன்று. கேக் வெட்டுகிற களேபரத்தில் கொடுக்காதீர்கள். அந்த நேரம் பிள்ளைக்குப் பலூன் வெடிக்கிற பயம், போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்கிற கூட்டம், இடுப்பில் குத்துகிற புது உடுப்பு. மறுநாள் காலையில், பழைய நிக்கரோடு உட்கார்ந்திருக்கும்போது கொண்டு போய் வையுங்கள். எப்படி விளையாட வேண்டும் என்று விளக்க வேண்டாம். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் அதற்கும் ஒரு வேலை கொடுங்கள், தாழ்ப்பாள் பலகைக்கு ஸ்க்ரூ முடுக்கியது அண்ணனின் மூத்த மகன்தான், அதனால் அவன் அதை உடைக்கவில்லை, வருகிறவர்களிடம் எல்லாம் "இது நான் வச்சது" என்று காட்டிக்கொண்டிருக்கிறான்.

நேரம் இல்லை, கை வராது என்று சொல்கிறவர்கள் தையலும் தச்சும் படிக்க வேண்டியதில்லை. கிழிக்கிற பிள்ளைக்குப் பழைய செய்தித்தாள் ஒரு கட்டும் ஒரு பெரிய கூடையும் போதும். பாத்திரத்தை இழுக்கிற பிள்ளைக்கு அடுக்களையில் கீழ்த்தட்டு ஒன்றைக் காலி செய்து, அதற்கென்று நாலு பாத்திரம் வைத்து, 'இது உனக்கு' என்று சொன்னால் அதுவே பரிசுதான், மேலே ஒரு ரிப்பன் கட்டிக்கொள்ளுங்கள். மற்றபடி கடையில் வாங்குகிற ஒரு நல்ல பந்தை நான் எந்நாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது கருங்கலில் ஒரு சிநேகிதியின் மகள், நான்கு வயது, வருகிற மாதம். வழக்கம்போல அவளுடைய அம்மாவிடம் போனில் கேட்டேன். சுவரில் எழுதுகிறாளாம். கரி, லிப்ஸ்டிக், பீட்ரூட் துண்டு, கையில் எது கிடைத்தாலும். புது பெயின்ட் அடித்து ஓணத்துக்குக்கூடத் தாங்கவில்லையாம். பழைய அலமாரிக் கதவு ஒன்று என்னிடம் கிடக்கிறது, அதைத் தேய்த்து கரும்பலகை பெயின்ட் அடித்து, கீழே சாக்பீஸ் வைக்க ஒரு தட்டு போட்டு, அவள் எழுதுகிற அதே சுவரில் முடுக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். சிநேகிதியிடம் சொன்னேன். "அப்ப அந்தக் கதவு போக மிச்சச் சுவரு?" என்று கேட்டாள். அளவு எடுக்க ஞாயிற்றுக்கிழமை போகிறேன், கதவு இரண்டாக வேண்டியிருக்கும் போலத் தெரிகிறது.